ஹிஸ்தேமி: நிற்பதா, நிறுத்துவதா?

பண்டைக் கிரேக்கம் படிக்கத் தொடங்குகிறவர்கள் 'ஹிஸ்தேமி' என்ற வினைக்கு நேரே 'நிற்கிறேன்' என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான். ஹிஸ்தேமி என்றால் 'நிறுத்துகிறேன், நாட்டுகிறேன்'. தமிழில் தன்வினைக்கு நில், பிறவினைக்கு நிறுத்து. கிரேக்கமோ ஒரே வினையின் வடிவங்களுக்குள் இரண்டையும் பங்கு போட்டிருக்கிறது.

நிறுத்துகிற பக்கம் ஹிஸ்தேமி, ஸ்தேசோ (நிறுத்துவேன்), எஸ்தேசா (நிறுத்தினேன்). நிற்கிற பக்கம் ஹிஸ்தமாய் (நிலைகொள்கிறேன்), எஸ்தேன் (நின்றேன்), ஹெஸ்தேகா. இந்தக் கடைசி வடிவம்தான் ஆளைக் கவிழ்க்கும். அமைப்பைப் பார்த்து 'நின்றிருக்கிறேன்' என்று பெயர்த்துவிடுவார்கள், பொருளோ 'நின்றுகொண்டிருக்கிறேன்'. நின்றாயிற்று, அந்த நிலை இப்போதும் இருக்கிறது என்பதே கணக்கு. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷம் 3:20இல் வாசலில் நின்று தட்டுகிறவர் சொல்வது இந்த ஹெஸ்தேகாதான்.

'எஸ்தேசன்' என்ற படர்க்கைப் பன்மை இன்னும் பொல்லாதது. 'நின்றார்கள்', 'நிறுத்தினார்கள்' இரண்டுக்கும் அதே எழுத்துகள்தான். செயப்படுபொருளைத் தேடுங்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் 'த்ரொபாயொன் எஸ்தேசன்' என்றால் வெற்றிச்சின்னத்தை நாட்டினார்கள்.

வினையின் வேர் 'ஸ்தா'. பழைய 'சி-ஸ்தா-மி'யில் முதல் ச் தேய்ந்து ஹ் ஆனது, ஆ ஏ ஆனது. வேரின் முதல் மெய்யை முன்னால் ஒருமுறை திருப்பிச் சொல்லும் இந்த 'ஹி' இரட்டிப்பு நிகழ்காலத்துக்கும் தொடர் இறந்தகாலத்துக்கும் மட்டுமே உரியது. 'ஹிஸ்தேசோ' என்று ஒரு எதிர்காலம் கிடையாது. பன்மையில் உயிரும் குறுகும்: ஹிஸ்தேமி, ஆனால் ஹிஸ்தமென். ஹெஸ்தேகாவின் ஹ் கூட அதே மாதிரி தேய்ந்த ச்தான். எஸ்தேன், எஸ்தேசா இரண்டிலும் முன்னால் இருப்பது வெறும் இறந்தகால 'எ', அதனால் ஹ் வராது. சொல் ஹ் ஒலியோடு தொடங்குகிறதா இல்லையா என்று காட்ட எழுத்தின் மேலுள்ள மூச்சுக்குறி எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்காமல் போனால் காலமே மாறிவிடும்.

முன்னொட்டு சேரும்போது அந்த ஹ் கைகொடுக்கும். 'விலகி' என்று பொருள்படும் 'அபொ'வோடு சேர்ந்தால் அப்ஹிஸ்தேமி (கிளர்ச்சி செய்யத் தூண்டுகிறேன்), அப்ஹெஸ்தேகா (கிளர்ச்சியில் இருக்கிறேன்). இரண்டிலும் 'பை' எழுத்து (ப்) 'ஃபை' (ப்ஹ்) ஆகும். அபெஸ்தேனில் (கிளர்ந்தெழுந்தேன்) பை அப்படியே நிற்கும். கி.மு. 428இல் மெதிம்னா நகரம் தவிர்த்த லெஸ்பொஸ் தீவு ஆதென்ஸை விட்டு விலகியதைத் தூசிடிடீஸ் 'அபெஸ்தே' என்கிறார். செயப்படுபொருள் இல்லை, யாரும் தூண்டிவிட்டதாக அந்த வினை சொல்லவில்லை, தீவே கிளர்ந்தது.