வீட்டுக் குடிநீர் இணைப்பில் உள்ள காரீயக் குழாயை முழுமையாக மாற்றுவது எப்படி?

குடிநீரில் கரைந்திருக்கும் காரீயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. ஆகவே தண்ணீர் தெளிவாக வருவதை வைத்துக் குழாயில் குறையில்லை என்று முடிவு செய்ய முடியாது. காரீயம் குழந்தைகளின் வளரும் மூளையைப் பாதிக்கிறது. இரத்தத்தில் இந்த அளவு வரை இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்றே உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. ஈயம் என்ற சொல் வெள்ளீயத்தையும் குறிக்கும் என்பதால், குழப்பம் நேராதிருக்கக் காரீயம் என்றே இங்கு எழுதுகிறேன்.

படி 1: குழாயை அடையாளம் காணுங்கள்

தெருவின் பிரதானக் குழாயிலிருந்து பிரிந்து வரும் இணைப்புக் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடம் பெரும்பாலும் மீட்டருக்கோ முதல் வால்வுக்கோ அருகில் இருக்கும். அங்கே மங்கிய சாம்பல் நிறக் குழாய் தென்பட்டால், ஒரு நாணயத்தின் விளிம்பால் அதன்மீது மெதுவாகக் கீறிப் பாருங்கள். காரீயம் மிருதுவானது, கீறல் எளிதில் விழும், விழுந்த இடம் வெள்ளிபோல் மின்னும், காந்தம் அதில் ஒட்டாது. கீறிய இடம் செந்நிறமாகத் தெரிந்தால் செம்பு. காந்தம் ஒட்டினால் இரும்பு. வால்வுக்குச் சற்று முன்னால் குழாய் வெங்காயம்போல் உருண்டு பருத்திருப்பதும் காரீயக் குழாயின் பழைய இணைப்பு முறைக்கு அடையாளம். கீறிப் பார்த்த பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். வீட்டுக்குள் தெரியும் துண்டு செம்பாக இருப்பதால் மண்ணுக்குள் இருப்பதும் செம்பாகவே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். முன்பு யாரேனும் பாதியை மட்டும் மாற்றியிருக்கலாம்.

படி 2: தண்ணீரைச் சோதியுங்கள்

குறைந்தது 6 மணி நேரம் எந்தக் குழாயையும் திறக்காமல் இருந்து, முதலில் வரும் 1 லிட்டரையும், தொடர்ந்து பிடித்தால் வரும் ஐந்தாவது லிட்டரையும் தனித்தனிப் பாட்டில்களில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முதலாவது குழாய் முனையிலும் அதை ஒட்டிய பகுதியிலும் தேங்கிய நீர்; ஐந்தாவது பெரும்பாலும் இணைப்புக் குழாய்க்குள் தேங்கிய நீர். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். காரீயம் நாளுக்கு நாள் கூடியும் குறைந்தும் கலக்கும் என்பதால், ஒருமுறை குறைவாக வந்த முடிவை நம்பி மாற்றும் வேலையைக் கைவிடக் கூடாது.

படி 3: மாற்றும்வரை பாதுகாப்பாக இருங்கள்

தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் காரீயம் போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும், முக்கியமாகக் குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும், காரீயத்தை நீக்குவதற்கெனச் சான்று பெற்ற வடிகட்டியில் வடித்த குளிர்நீரையே பயன்படுத்துங்கள்.

படி 4: முழு நீளத்தையும் ஒரே வேலையாக மாற்றுங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வையுங்கள். பல இடங்களில் தெருப்பக்கத் துண்டு குடிநீர் வாரியத்துக்கும் மனைக்குள் உள்ள துண்டு வீட்டு உரிமையாளருக்கும் சொந்தம் என்பதால், ஒரு தரப்பு தன் பங்கை மட்டும் மாற்றிவிட்டுப் போவது நடக்கிறது. பழைய குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்த படலம்தான் காரீயம் நீரில் கரைவதைத் தடுத்து வந்தது. குழாயை அறுக்கும்போது அது அதிர்ந்து உதிர்கிறது. மீதமுள்ள காரீயத்துடன் புதிய செம்பை நேரடியாக இணைத்தால் மின்வேதி அரிமானமும் (இரு வேறு உலோகங்கள் நீரில் தொட்டுக்கொண்டிருப்பதால் ஒன்று அரிக்கப்படுவது) சேர்ந்துகொள்கிறது. இதனால் பாதியை மட்டும் மாற்றினால் தண்ணீரில் காரீயம் கூடிவிடக்கூடும். அந்தப் படலம் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் காட்டியது: 2014இல் நீராதாரத்தை மாற்றியபோது அரிமானத் தடுப்பு வேதிப்பொருளைச் சேர்க்காததால், பழைய குழாய்களிலிருந்து காரீயம் வீடுகளின் குடிநீரில் இறங்கியது.

ஆகவே முதலில் வாரியத்தை அணுகி, இரு பகுதிகளையும் சேர்த்து மாற்ற நாள் குறியுங்கள். இது உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டிய வேலை. பள்ளம் தோண்டியோ, பழைய குழாயை இழுத்து அதன் வழியிலேயே புதியதைச் செலுத்தியோ, செம்பு அல்லது குடிநீருக்கு ஏற்ற பாலிஎதிலீன் குழாயைப் பதிப்பார்கள். பழைய வீடுகளில் மின்சார எர்த் இணைப்பு இந்தக் குழாயில் கட்டப்பட்டிருக்கக்கூடும். பிளாஸ்டிக் குழாய் போட்டால் அந்த எர்த் அறுந்துபோகும் என்பதால், வேலை தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். காரீயக் குழாய்க்கு அடுத்து இணைந்திருந்த, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களின் துருவிலும் காரீயம் ஒட்டியிருக்கக்கூடும். அவற்றையும் கழற்றிவிடுவதே நல்லது.

படி 5: கழுவி, மறுபடி சோதியுங்கள்

வேலை முடிந்ததும் குழாய் முனைகளில் உள்ள சிறு சல்லடைகளைக் கழற்றி, கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி எல்லாக் குளிர்நீர்க் குழாய்களையும் முழுவதுமாகத் திறந்து, குறைந்தது 30 நிமிடம் ஓட விடுங்கள். அந்த நீர் வடிகட்டி வழியாகப் போகக் கூடாது. சல்லடையில் சிக்கிய மணல்போன்ற துகள்களில் காரீயத் துணுக்குகள் இருக்கலாம். அவற்றைக் கழுவிய பிறகே பொருத்துங்கள். அடுத்த 6 மாதம் வடிகட்டியைத் தொடர்ந்து பயன்படுத்தி, 3 முதல் 6 மாதத்துக்குள் மறுபடி மாதிரி எடுத்து அனுப்புங்கள். அப்போதும் அளவு உயர்ந்தே இருந்தால், வீட்டுக்குள் உள்ள பழைய பற்றாசு (சால்டர்) இணைப்புகளையும் பித்தளைக் குழாய் முனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.