கோயில் மண்டபத்தில் மலாயா கணபதி: ஆவணப்படம் திரையிடுவது எப்படி?

தஞ்சை தம்பிக்கோட்டையில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் பிரிட்டிஷ் ஆட்சியினர் தூக்கிலிட்டார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. அந்த ஆதங்கத்தில்தான் அவரைப் பற்றிய ஆவணப்படத்தைக் கோயில் மண்டபத்தில் போட்டோம். நீங்களும் போடுங்கள்.

1. நாள்: மே 4-ஐ ஒட்டிய சனிக்கிழமை இரவு. முந்தின நாள், மே 3, அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். அவரையும் சேர்த்தே நினைவுகூருங்கள்.

2. அனுமதி: இயக்குநரிடம் எழுத்தில் வாங்குங்கள். தணிக்கைச் சான்று உண்டா என்றும் கேளுங்கள். கோலாலம்பூரில் 2013-இல் சான்றில்லாமல் ஓர் ஆவணப்படம் திரையிட்ட செயற்பாட்டாளருக்கு 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது.

3. படம்: இணையத்திலிருந்து ஓட்டாதீர்கள். கோப்பை மடிக்கணினியில் ஏற்றி, விஎல்சி (VLC) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ஓட்டுங்கள். அதைவிட நம்பகமானது எனக்குத் தெரிந்து இல்லை.

4. ஒலி: ஒத்திகையில் படம் பளிச்சென்று வந்தது, பேச்சு கேட்கவில்லை. எச்டிஎம்ஐ வயர் ஒலியையும் புரொஜெக்டருக்கே கொண்டுபோய்விடுகிறது. மடிக்கணினியின் ஒலி அமைப்பில் (செட்டிங்ஸில்) ‘ஹெட்போன்’ என்று மாற்றி, அந்தத் துளையிலிருந்து கோயில் ஒலிபெருக்கியின் மிக்சர் கருவிக்கு வயர் இழுங்கள். இழுத்ததும் எங்களுக்கு ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல். வயரை மாற்றினோம், ஸ்பீக்கரை மாற்றினோம், ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் சட்டென்று நின்றது. பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு, சார்ஜர் இல்லாமல் ஓட்டுங்கள். புளூடூத் வேண்டவே வேண்டாம். உதடு அசைந்து முடிந்த பிறகு குரல் வரும்.

5. படம் முடிந்ததும்: உடனே நாற்காலியை மடக்காதீர்கள். பால்மரம் வெட்டிய பெரியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, மைக்கை அவர்களிடம் கொண்டுபோங்கள். எங்கள் மண்டபத்தில் ஒரு பாட்டி வெகுநேரம் யோசித்துவிட்டு எழுந்தார். 1948-இல் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தபோது, போலீசுக்குப் பயந்து அவருடைய அம்மா, அப்பாவின் தொழிற்சங்கச் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டாராம். அதைப் பதிவுசெய்ய எங்களிடம் ஒரு கைப்பேசிகூடத் தயாராக இல்லை. நீங்கள் ஒருவரை இதற்கென்றே நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: தமிழ் வசனவரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். வசனவரிக் கோப்பை நோட்பேடில் திறந்து, தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் சேமியுங்கள். பிறகு விஎல்சியில் வசனவரி எழுத்துருவை ‘நிர்மலா யூஐ’ ஆக்கிவிட்டு, விஎல்சியை மூடித் திறங்கள்.