என்பிசியை மிரட்டும்போது பகடைக்கு முன்னால் ஒரு கேள்வி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம்: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதையாட்டம். ஆட்டத்தை நடத்துபவர் டிஎம்; அவர் பேசும் பாத்திரங்கள் என்பிசிகள். வீரர் ஒருவர் கோட்டைக் காவலனின் சட்டையைப் பிடித்து, "சாவியை எடு" என்கிறார். 20 முகப் பகடையில் 18 விழுகிறது. டிஎம்மாக உட்கார்ந்த புதிதில் நான் உடனே சாவியைக் கொடுத்துவிடுவேன். கொஞ்ச நாளில் என் மேஜையில் பேரம், நயமான பேச்சு எல்லாம் நின்றுபோய், எந்தக் கதவுக்கும் மிரட்டல்தான் என்றாகிவிட்டது. அதைச் சரிசெய்த விதம் இது. 5ஆம் பதிப்பின் விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: "மிரட்டுகிறேன்" என்று மட்டும் சொன்னால் பகடையைத் தொடவிடாதீர்கள். என்ன சொல்லி, எதைக் காட்டி மிரட்டுகிறார் என்று கேளுங்கள்.

இரண்டாவது படி: பகடை எண்ணோடு எந்தத் திறனைக் கூட்டுவது? வழக்கமாகக் கரிஸ்மா (ஆளுமை வலிமை). பார்பேரியன் (முரட்டுப் போர்வீரன்) இரும்புக் கம்பியை வளைத்துக் காட்டினால் ஸ்ட்ரெங்த்தை (உடல் வலிமையை) கூட்டவிடுங்கள். 2014 வீரர் கையேட்டிலேயே அந்த மாற்று விதி இருக்கிறது.

மூன்றாவது படியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். பகடை உருள்வதற்கு முன்பே உங்களை நீங்களே கேளுங்கள்: இந்தக் காவலன் இவர்களைவிட அதிகமாக யாருக்குப் பயப்படுகிறான்? சாவி தொலைந்தால் தளபதி தூக்கில் போடுவார் என்றால், 18 விழுந்தாலும் அவன் சாவியைத் தரமாட்டான். ஆனால் பயம் உண்மை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நடுச்சாமத்தில் காவல் மாறும், அப்போது இங்கே யாரும் இருக்கமாட்டார்கள்" என்று முணுமுணுப்பான். வீரர்களின் வெற்றியும் வீண்போகவில்லை, அவனும் ஒரு மனிதனாக நிற்கிறான். 2024 விதிகளில் இலக்கு எண் (வெற்றிக்கு எட்டவேண்டிய தொகை) 15 அல்லது அவனுடைய இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன்) எண், எது அதிகமோ அது. நான் பெரும்பாலும் 15ஐயே வைத்துக்கொள்கிறேன்.

நான்காவது படி: பயந்தவன் மறக்கமாட்டான். பாத்ஃபைண்டர் என்ற இதேபோன்ற ஆட்டத்தின் 2ஆம் பதிப்பில் இது விதியாகவே இருக்கிறது. மிரட்டிப் பணியவைத்த ஆள் பிறகு பகையாகி, காவலர்களிடம் போய்ச் சொல்லவும் கூடும். எந்த ஆட்டம் ஆடினாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். ஒரு என்பிசிக்கு ஒரு சின்ன அட்டை, அதில் மூன்று வரி: யாருக்குப் பயம், எதைக் காப்பாற்றுவான், யாரிடம் போய்ச் சொல்வான். போனில் தேடுவதற்குள் மேஜையின் சூடு ஆறிவிடும்.

பிற்சேர்க்கை: சண்டை நடுவில் கோப்ளின் (குட்டி அரக்கர்) கூட்டத்தையே மிரட்டினால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். தனித்தனியாக உருட்டாதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பின் மன உறுதிச் சோதனையை நான் கடன் வாங்குகிறேன்: இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை அந்தப் பதிப்பு அவர்களுக்குத் தரும் மன உறுதி எண்ணைத் தாண்டினால் கூட்டம் சிதறும். முதல் ஆள் விழுந்ததும் ஒருமுறை, பாதிப்பேர் விழுந்ததும் இன்னொருமுறை. வீரர் நன்றாக மிரட்டியிருந்தால் அந்தத் தொகையோடு 1 கூட்டிக்கொள்வேன். அது மட்டும் என் சொந்தச் சேர்க்கை.