ஹார்ட் டிஸ்க் எரர் விடாமல் வருகிறதா? ரிப்பேரில் இறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி காந்தி நகரில் எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்கச் சுற்றி, செங்கம் பக்கத்து நடுகற்கள், ஏரிக்கரைக் கல்வெட்டுகள் என்று படம் எடுத்துச் சேர்த்து வைத்திருப்பவர். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"தம்பி, சிஸ்டத்தை ஆன் பண்ணா 'ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங்'னு வரும். பர்சன்டேஜ் ஓடி முடிஞ்சா தானா திறந்துக்கும். நேத்து ராத்திரி பதினொரு பர்சன்ட்ல நின்னது, இன்னும் நகரலைப்பா."

"எத்தனை நாளா சார் இப்படி வருது?"

"ஒரு மாசம் இருக்கும். திறந்துக்குதேன்னு விட்டுட்டேன்."

போய்ப் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு கேபினெட் பக்கவாட்டில் காதை வைத்தால் டிக், டிக், அப்புறம் சர்ர் என்று ஒரு இழுவை, மறுபடியும் டிக், டிக். டிஸ்கைப் படிக்கும் முனையான ஹெட் ஒரே இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது வரும் சத்தம் அது. ஒரு மாதமாக ஒவ்வொரு நாள் காலையும், பாவம், அந்த டிஸ்க் அதே இடத்தில் போராடியிருக்கிறது.

அவருடைய படங்களில் பெரும்பகுதியை மீட்டுவிட்டோம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதல் நாளே அந்தச் செய்தியை மதித்திருந்தால், ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கை மாட்டி ஒரே மத்தியான நேரத்தில் எல்லாவற்றையும் காப்பி செய்து முடித்திருக்கலாம். விடாமல் எரர் காட்டும் டிஸ்கில் முதலில் செய்ய வேண்டியது உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான். என்ன கோளாறு என்று ஆராய்வதும் சரிசெய்யப் பார்ப்பதும் அதற்கு அப்புறம். நான் பார்த்தவரை இழப்புகளில் பாதிக்கு மேல் இந்த வரிசையை மாற்றிச் செய்ததால் வந்தவைதான்.

செக்டிஸ்க் ஓட்டுவது

எரர் வந்தால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் வைத்தியம் விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற சோதனைக் கருவிதான்: கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திற, செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் கொடு, ராத்திரி முழுக்க ஓடட்டும். 2014-ல் என் வீட்டு சிஸ்டத்தில் நானும் இதைத்தான் செய்தேன். விடிந்து பார்த்தபோது பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) டிஸ்கே தெரியவில்லை. அப்பாவின் மணிவிழா வீடியோ அதில்தான் இருந்தது. வேறு எங்கும் நகல் இல்லை. இன்றும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

செக்டிஸ்க் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்த ஆபத்து புரியும். ஸ்லாஷ் எஃப் என்று கொடுத்தால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பதிவேட்டை மட்டும் சரிபார்க்கும். பதிவேட்டில் குழப்பம் இருந்தால் அதைத் திருத்தும். அப்படித் திருத்தும்போது யாருடையது என்று தெரியாத துண்டுகளைப் பெயரில்லாத ஃபைல்களாக 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் தள்ளிவிடும். அதன் வேலை பதிவேட்டைக் கணக்குப் பிசகாமல் வைப்பது. உங்கள் கல்யாண ஆல்பத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. ஸ்லாஷ் ஆர் கொடுத்தால் இன்னும் ஒரு படி மேலே போகும். அந்தப் பார்ட்டிஷனில் (டிஸ்கைப் பிரித்த பகுதி) காலியாகக் கிடக்கும் இடத்தையும் சேர்த்து, செக்டார் எனும் சிறு சேமிப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும். நல்ல டிஸ்குக்கு இது சாதாரண வேலை. ஹெட் தளர்ந்துபோன டிஸ்குக்கு, நெஞ்சுவலி என்று வந்தவரை வேலூர் கோட்டையைச் சுற்றி ஓடிவிட்டு வரச் சொல்வது போல.

செக்டிஸ்க் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. கரண்ட் போய் சிஸ்டம் திடீரென்று அணைந்து, டிஸ்க் நலமாக இருந்து, பதிவேடு மட்டும் குழம்பியிருந்தால் ஸ்லாஷ் எஃப் நல்ல மருந்து. ஆனால் டிஸ்க் நலமா என்பது முதலில் தெரிய வேண்டும். டேட்டா வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சிஸ்டம் ஆன் ஆகும்போது தானாக ஓடும் அந்த 'ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங்' சோதனையைத் தினமும் ஏதாவது ஒரு கீயைத் தட்டித் தாண்டிவிடுவது. இன்னும் சிலர் அந்தச் செய்தியே வராதபடி கட்டளை கொடுத்து நிறுத்தியும் விடுகிறார்கள். புகை வந்தால் மணியடிக்கும் கருவியின் பேட்டரியைக் கழற்றி வைப்பது போன்ற செயல் இது.

எந்த டிஸ்க் என்று பார்க்காமல் முடிவு கட்டுவது

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்கி விண்டோஸை மறுபடி ஏற்றியும் எரர் நிற்கவில்லை. விண்டோஸ் தன் எரர்களைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் காரணம் ஒரு நிமிடத்தில் தெரிந்தது. யாரோ பின்பக்கம் சொருகி மறந்துபோன பழைய பென் டிரைவ்தான் அழுதுகொண்டிருந்தது.

விண்டோஸ் கீயோடு ஆர் தட்டி 'ஈவென்ட் விடபிள்யூஆர்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் அது திறக்கும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். 'டிஸ்க்' என்ற பெயரில் வரும் சிவப்பு, மஞ்சள் வரிகளைப் பாருங்கள். எண் 7 என்றால் டிஸ்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது என்று பொருள். 153 என்றால் ஒரு முறை கேட்டுக் கிடைக்காமல் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. 'என்டிஎஃப்எஸ்' (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) பெயரில் 55 வந்தால் பதிவேடு குழம்பியிருக்கிறது. வரிக்குள்ளேயே 'ஹார்ட்டிஸ்க்0', 'ஹார்ட்டிஸ்க்1' என்று எண் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று காட்டுவது இதே எண்தான். சி, டி, ஈ என்ற எழுத்துகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே டிஸ்கில் மூன்று எழுத்தும் இருக்கலாம்.

'ஓகே' என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்குவது

ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அதன் பெயர் ஸ்மார்ட். அதைப் படிக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். பலரும் நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். கீழே இருக்கும் பட்டியல்தான் முக்கியம்.

05 என்ற வரி, கெட்டுப்போய் உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்களின் கணக்கு. சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள். சி6, முயன்றும் மீட்க முடியாதவை. சி7, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்துபோன தகவல்களின் எண்ணிக்கை. கடைசி நெடுவரிசையில் உள்ள எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டுவதால் '10' என்றிருந்தால் அது பதினாறு. அமைப்பில் போய்த் தசம முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எண் எவ்வளவு என்பதைவிட அது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. 05-ல் எட்டு என்று வந்து இரண்டு வருடமாக எட்டாகவே நிற்கும் டிஸ்கைப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை நான்கு, வியாழக்கிழமை முப்பது என்றால் அதை நம்பி இன்னொரு ஃபைல்கூடச் சேமிக்கக் கூடாது. ஒரு துண்டுத் தாளில் தேதியோடு எழுதி கேபினெட்டில் ஒட்டி வையுங்கள்.

அதேசமயம், எல்லாம் சுழியம் என்பதால் டிஸ்க் நலம் என்றும் ஆகிவிடாது. 2007-ல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தன்னைத்தானே சோதிக்கும்போது காணும் 'ஸ்கேன் எரர்' முதல் முறை வந்த டிஸ்க், எரர் வராத டிஸ்கைவிட அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். ஆசிரியர் வீட்டில் 'திறந்துக்குதே' என்று கழிந்த ஒரு மாதம் எவ்வளவு விலை உயர்ந்தது என்று இப்போது புரியும்.

டிஸ்கை மட்டுமே குற்றவாளியாக்குவது

கஸ்பாவில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு டிஸ்க் மாற்றினார்கள். மூன்றாவதும் எரர் காட்ட ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார். 05 சுழியம், சி5 சுழியம், சி7 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கேபினெட்டைத் திறந்தால், பக்கக் கதவைத் திருகி மூடும்போதெல்லாம் அது டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை நசுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கேபிள் மடிந்து, முனை லேசாகச் சாய்ந்து நின்றது. ஓர் ஆம்பூர் பிரியாணி விலையில் புதுக் கேபிள் வாங்கி, மதர்போர்டில் வேறு துளையில் மாட்டினோம். எரர் நின்றது. இதில் ஒரு விஷயம்: கேபிள் மாற்றினாலும் சி7 எண் குறையாது. அது வாழ்நாள் கணக்கு. மேலே ஏறாமல் நின்றால் கோளாறு தீர்ந்தது என்று கொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று டிஸ்க் ஒரே நேரத்தில் எரர் காட்டினால் கேபினெட்டுக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் கேபினெட் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் சொருகிப் பாருங்கள்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாதத்தில் வேலூரில் நாற்பது டிகிரி என்பது சாதாரணம். சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியிலும் விடுகின்றன. வீட்டு ஹார்ட் டிஸ்குகளுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் உச்ச வரம்பு பெரும்பாலும் 60 டிகிரி. மர மேசையின் மூடிய அறைக்குள், தூசி அடைத்த விசிறியோடு கேபினெட்டை வைத்தால் அந்த வரம்பை எட்டிப்பிடிப்பது கஷ்டமே இல்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவே வெப்பநிலையைக் காட்டும். 50-ஐத் தாண்டினால் கேபினெட்டை வெளியே எடுத்து வையுங்கள், தூசியைத் துடையுங்கள்.

யுபிஎஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையும் ஏமாற்றும். அதன் பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு ஒரு நாள் சுவர் பிளக்கை நீங்களே அணைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் ஒவ்வொரு மின்வெட்டிலும் உங்கள் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கப்படுகிறது.

காப்பி செய்யும்போது நடக்கும் தவறுகள்

சரி, டிஸ்க் நோயாளிதான் என்று தெரிந்துவிட்டது. விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து தொடங்கி மொத்தத்தையும் இழுத்துப் போடாதீர்கள். விண்டோஸையும் மென்பொருளையும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், கணக்குகள், இவைதான் முதலில். ஒரு ஃபைலில் மாட்டி நின்றால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள், பிடிவாதம் வேண்டாம். காப்பி செய்த இடத்தில் நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் ஏற்றுவதும், மீட்டதை அதே டிஸ்கில் சேமிப்பதும் நீங்கள் தேடும் ஃபைலின் மேலேயே எழுதிவிடக்கூடும்.

ஆசிரியரின் டிஸ்கைக் கழற்றி, லினக்ஸ் இருக்கும் என் கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் புது டிஸ்குக்கு நகலெடுத்தேன். அது முதலில் சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் அள்ளிவிடும். கஷ்டமான இடங்களை ஒரு வரைபட ஃபைலில் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில்தான் அவற்றிடம் திரும்பும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டரை நாள் ஓடியது. அவருக்கு ஒரு ஃபோல்டர் மட்டும் போய்விட்டது. மற்ற படங்கள் எல்லாம் நகலிலிருந்து கிடைத்தன. இதற்குப் பழக்கம் இல்லாதவர்கள், டேட்டா உயிர்போன்றது என்றால், டிஸ்கை அணைத்து வைத்துவிட்டு மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. டிக் சத்தம் வரும் டிஸ்கை ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் ஆபத்து. ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது வேண்டவே வேண்டாம். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தூசியைவிடப் பல மடங்கு சிறியது.

விண்டோஸ் 11 லேப்டாப் என்றால், டிஸ்கைக் கழற்றும் முன் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்புகளில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். எஸ்எஸ்டி-யில் டிக் சத்தமெல்லாம் வராது. நேற்று வரை ஓடியது இன்று காணாமல் போகும். அதனால் அதில் ஒரு எரர் வந்தாலே நகலெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாற்று டிஸ்க் வேலூரில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், மாட்டியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' (ஓடிய மொத்த மணி நேரம்) பாருங்கள். புதியது என்றால் சுழியமோ ஒன்றிரண்டோதான் இருக்க வேண்டும். பழைய டிஸ்குக்கு வாரன்டி இருக்கலாம். மேலே ஒட்டிய சீரியல் எண்ணை உற்பத்தியாளர் தளத்தில் அடித்துப் பாருங்கள்.

ஆசிரியர் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு 05, சி5, சி6, சி7 நான்கையும் நோட்டில் எழுதுகிறார். படங்களுக்கு மூன்று நகல்: ஒன்று சிஸ்டத்தில், ஒன்று பீரோவில் உள்ள எக்ஸ்டர்னல் டிஸ்கில், ஒன்று பாகாயத்தில் மகள் வீட்டில். போய்விட்ட அந்த ஃபோல்டரில் இருந்த கற்களைத் தேடி, மறுபடி படம் எடுக்க மழைக்காலம் முடிந்ததும் கிளம்பினார்.