வயர்ஷார்க் புதுப் பதிப்புக்கு மாறுவது எப்படி

பழைய வயர்ஷார்க்கை (நெட்வொர்க்கில் போய்வரும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) வைத்தே காலம் தள்ளாதீர்கள், பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை, பிரித்துப் படிக்கும் பகுதிகளில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைப் புதுப் பதிப்புகளில்தான் அடைக்கிறார்கள். முதலில் ஹெல்ப், அபவுட், ஃபோல்டர்ஸ் என்று போய் உங்கள் பர்சனல் கான்ஃபிகரேஷன் ஃபோல்டரை நகல் எடுங்கள். வருடக்கணக்கில் சேர்த்த ஃபில்டர்கள் (வேண்டிய பாக்கெட்டுகளை மட்டும் காட்டும் வடிகட்டிகள்) எல்லாம் அதில்தான் இருக்கும். விண்டோஸில் ஹெல்ப் மெனுவிலேயே செக் ஃபார் அப்டேட்ஸ் இருக்கிறது (32 பிட் விண்டோஸுக்கு 4.0 பதிப்பு முதல் வயர்ஷார்க்கே கிடையாது). உபுண்டுவில் நிறுவிய பிறகு, உங்கள் கணக்கை, பாக்கெட் பிடிக்க அனுமதி உள்ள வயர்ஷார்க் குரூப்பில் சேர்த்து, லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி வாருங்கள். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்கில்) ஓட்டவே ஓட்டாதீர்கள்.

2024இல் வந்த 4.4 பதிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கேப்சர் ஃபைலுக்கு (பிடித்த பாக்கெட்டுகளைச் சேமித்த கோப்பு) ஏற்ப புரொஃபைல், அதாவது நம் அமைப்புகளின் தொகுப்பு, தானாக மாறுவது.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் சாயங்காலமானால் நெட் இழுக்கும்; ஃபில்டர் பட்டையில் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை) என்று சிறிய ஆங்கில எழுத்தில் அடித்தேன், பட்டை பச்சையானது, பார்த்தால் 1.2ஆவது விநாடியில் போன கேள்விக்கு 4.3இல்தான் பதில் வந்திருக்கிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் பிடியுங்கள், பக்கத்து வீட்டு வைஃபையில் வேண்டாம்.