பாலிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தென்பசார் விமான நிலையத்திலேயே விசா வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் 5,00,000 ருபியா. 30 நாள் தங்கலாம், ஒரே ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். 2024 பிப்ரவரி முதல் பாலி மாகாணம் வெளிநாட்டுப் பயணிகளிடம் 1,50,000 ருபியா தனியாக வசூலிக்கிறது. அதைக் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் கட்டிவிடுங்கள். விசாக் கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 10,00,000 ருபியா அபராதம். ‘ஒரு நாள்தானே’ என்ற கெஞ்சல் எடுபடாது. இந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. வேலைக்கென்றே வருகிறவர்கள் ‘கித்தாஸ்’ எனும் வசிப்பு அனுமதி கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

தனியாக வருகிறவர்களுக்கு ‘கோஸ்’ எனப்படும் மாத வாடகை அறை போதும். முழு வீடென்றால் பெரும்பாலும் ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கேட்பார்கள். மின்சாரத்துக்குப் பல வீடுகளில் முன்பணம்தான். கடையிலோ செயலியிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று தருவார்கள். வாசல் சுவரில் இருக்கும் மீட்டரில் அதை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். இருப்பு குறைந்தால் மீட்டர் கீச் கீச்சென்று கத்தும். அதற்குச் செவிசாய்க்காதவர்கள் நடுராத்திரியில் மின்விசிறி நின்று வியர்வையோடு எழுந்திருப்பார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கேன் தண்ணீர்தான்.

‘இங்கேயும் இந்துக்கள்தானே, நம் ஊர் மாதிரிதான்’ என்ற நினைப்பை விமானத்திலேயே விட்டுவிடுவது உத்தமம். நம்மவர்கள் சங்கடப்படுவது பெரும்பாலும் இந்த நினைப்பால்தான். இங்கே கோயிலில் கருவறை மூலவரைத் தேடாதீர்கள். திறந்த முற்றத்தில் பத்மாசனம் என்ற உயரமான கல் ஆசனம் இருக்கும், அதன் மேல் சிலை இருக்காது. தினசரி தரிசனம், அர்ச்சனைச் சீட்டு எதுவும் கிடையாது. பெரும்பாலான கோயில்களில் 210 நாளுக்கு ஒருமுறை வரும் திருவிழாவின்போதுதான் ஊரே திரளும். உள்ளே போக இடுப்பில் கைலியும் அதன் மேல் ஒரு கச்சையும் கட்டாயம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நுழையக் கூடாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

கடைவாசலிலும் நடைபாதையிலும் ஓலையில் பின்னிய சிறு தட்டுகள் கிடக்கும். பூ, கொஞ்சம் சோறு, சில சமயம் ஒரு பிஸ்கட், புகையும் ஊதுபத்தி. காலையில் வைத்த படையல் அது. பார்த்து விலகி நடங்கள்.

சக ஆண்டுப் பிறப்பான ‘ஞெபி’ அன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை தீவு முழுவதும் அடங்கிவிடும். விமான நிலையமே மூடப்படும். தெருவில் யாரும் இறங்கக் கூடாது, வெளியே வெளிச்சம் தெரியக் கூடாது, கைப்பேசி இணையமும் துண்டிக்கப்படும். கிராமக் காவலர்களான ‘பெச்சாலாங்’ ரோந்து வருவார்கள். வெளிநாட்டவருக்கும் விலக்கில்லை, அவசர மருத்துவத்துக்கு மட்டுமே வழி உண்டு. பெரும்பாலும் மார்ச்சில் வரும் இந்த நாளைப் பார்த்துக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள். எனக்கு வருடத்திலேயே பிடித்த நாள் இதுதான். விளக்கு இல்லாத ராத்திரியில் அவ்வளவு நட்சத்திரம் தெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சம்பால்’ எனும் மிளகாய்த் துவையலில் உஷாராக இருங்கள், அதில் ‘தெராசி’ எனும் இறால் விழுது கலந்திருக்கும். கீரைக் குழம்பென்று நம்பிச் சாப்பிட்டால் உள்ளே கோழிச் சாறு இருக்கும். சோயாவில் செய்யும் டெம்பேயும் தோஃபுவும் கைகொடுக்கும். முருங்கைக்கீரையை இவர்களும் சமைப்பார்கள்.

வண்டி நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓடும். ஆனால் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தில் இருசக்கர வாகனத்துக்கான அனுமதி இல்லாமல் ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். 2008 முதல் இத்தீவில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.