ஒரே யூஎஸ்பி போர்ட்டில் உள்ளீடும் வெளியீடும்: என் அனுபவம்

கிடார் உள்ளீட்டுக்கும் ஹெட்போன் வெளியீட்டுக்கும் ஒரு சவுண்ட் கார்டு, தனியாக ஒரு யூஎஸ்பி மைக், ஒரு மிடி கீபோர்டு (வாசிக்கும் சுரங்களை ஒலியாக அல்லாமல் கட்டளைகளாக அனுப்புவது) ஆகிய மூன்றையும் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் கருவி) வழியாக மடிக்கணினியின் ஒரே போர்ட்டில் இணைத்திருந்தேன். ஒலிப்பதிவும் ஹெட்போனில் ஒலி கேட்பதும் சேர்ந்து நடந்தால் ஒலி கரகரத்தது. சில வேளைகளில் மைக் அடியோடு துண்டிக்கப்பட்டது.

துண்டிப்புக்குக் காரணம் மின்சாரம். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் 500 மில்லிஆம்பியரை அடாப்டர் இல்லாத ஹப் எல்லாவற்றுக்கும் பங்கிட வேண்டியிருந்தது. அடாப்டர் உள்ள ஹப்புக்கு மாறியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

கரகரப்புதான் எளிதில் விடவில்லை. என் ஒலிக்கருவிகள் இரண்டும் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் இயங்கும் வகை. மலிவான ஹப்புகளில் அவ்வகைக் கருவிகள் அனைத்தும் ஒரே வேகமாற்றியைப் (மெதுவான கருவிகளின் தரவை ஹப்பின் வேகத்துக்கு மாற்றித்தரும் பகுதி) பகிர்வதால், எத்தனை துளைகள் இருந்தாலும் மொத்தமும் அந்த 12-க்குள்தான் அடங்கியாக வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 96,000 ஒலி மாதிரிகள்), 24 பிட் ஸ்டீரியோ ஒரு திசைக்கு நொடிக்கு 4.6 மெகாபிட் கேட்கும். இருதிசையிலும் சேர்த்து 9.2, அதன்மேல் மைக்கும் வந்தால் இடமேது? ஒலித்தரவு பிழைபட்டால் மீண்டும் அனுப்பப்படாது என்பதால், இழப்பு உடனே காதில் விழுகிறது. மிடி தரவோ தாமதப்படுமே தவிரத் தொலையாது.

சவுண்ட் கார்டை 48 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தவுடன் தேவை பாதியாகி, ஒலி தெளிந்தது. பின்னர், துளைக்கொரு வேகமாற்றி கொண்ட ஹப் வாங்கி 96-க்கே திரும்பினேன். யூஎஸ்பி 3.0 ஹப் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் பயனில்லை. பழைய வேகக் கருவிகள் அதனுள் இருக்கும் 2.0 பகுதி வழியாகவே செல்கின்றன.